துணைக்கால் போடாத மனிதர்

போன புதன்கிழமை காலை தேக்கா சந்தையில் கருவாடு பார்த்துக்கொண்டிருந்தேன். சாமுவேல் பின்னால் வந்து தோளைத் தொட்டார். நம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து இப்போது ஆசிரியராக இருப்பவர், பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். "ஞானாபரணம் சார் தவறிட்டாருண்ணே. நேத்து சாயந்தரம், ஆஸ்பத்திரியில" என்றார். நான் கையிலிருந்த கருவாட்டைத் திருப்பிப் பார்த்தேன். நன்றாக இருந்தது, கூடையில் போட்டுக்கொண்டேன். பிறகுதான் "அப்படியா" என்றேன். சாமுவேலின் கண்கள் சிவந்திருந்தன. என் கண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சங்கம் ஒரு நினைவு மலர் போடப்போகிறதாம். "சேப்பல் வரலாறுன்னு சார் ஒரு புக் எழுதுனாருல்ல, அதைப் பாராட்டி நாலு வரி எழுதிக் குடுங்கண்ணே. அந்த பில்டிங்க உங்களவிட யாருக்குத் தெரியும்லா" என்றார். நாலு வரியில் அடங்காது என்றேன். அவர் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பிடாதரியில் நடந்த அடக்கத்துக்கு நான் வரவில்லை என்பதை உங்களில் சிலர் கவனித்திருப்பீர்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ சமாதானம் சொன்னார்களாம். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

என்னைத் தெரியாத இளையவர்களுக்குச் சொல்கிறேன். நான் ரத்தினம். அந்தக் கல்லூரியில் பதினான்கு ஆண்டுகள் ஓவர்சியராக இருந்தேன். கூரை ஒழுகினாலும், கதவு பிடித்துக்கொண்டாலும், விடுதியில் குழாய் உடைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு முன் காலாங் ஆற்றங்கரையில் ஒரு மர ஆலையில் வேலை பார்த்தேன். நான் கிறிஸ்தவன் அல்லன், சிராங்கூன் ரோட்டுக் காளியம்மனைக் கும்பிடுகிறவன். ஆனால் அந்தக் கல்லூரியில் எனக்குப் பிடித்த கட்டடம் ஒன்றே ஒன்றுதான். அது அந்தச் சேப்பல். 'சிற்றாலயம்' என்று எழுத வேண்டும் என்பார் ஞானாபரணம். அவர் போய்விட்டார், நான் சேப்பல் என்றே எழுதப்போகிறேன்.

அதைப் பார்க்காதவர்களுக்கு அதன் வடிவத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி மேட்டின் உச்சியில், கடற்காற்று வரும் திசைக்கு முகம் கொடுத்து நின்றது. பக்கத்துக்கு எட்டாக மொத்தம் பதினாறு தூண்கள். தூண்களுக்கு இடையில் இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கூரைவரை சாய்ந்த சட்டங்கள் வைத்த மரக்கதவுகள். அவற்றைத் திறந்து வைத்தால் பங்குனி வெயிலிலும் உள்ளே சட்டை நனையாது. கூரை நல்ல சரிவாக இறங்கி, தூண்களைத் தாண்டி ஆறடி வெளியே நீண்டிருக்கும். எப்பேர்ப்பட்ட மழையிலும் கதவை மூட வேண்டியதில்லை. முன்பக்க முகப்பில் நீலமும் மஞ்சளுமாக ஒரு வட்டக் கண்ணாடிச் சன்னல். தரையில் மலாக்கா ஓடு. சீமையில் இருக்கிற கோயிலைப் போலக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள், கட்டினவர்கள் இந்த ஊர் மழையையும் வெயிலையும் தெரிந்தவர்கள். யுத்தக் காலத்தில் ஜப்பான்காரன் அதில் அரிசி மூட்டை அடுக்கி வைத்திருந்தான், அப்போதும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

ஞானாபரணத்தைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. பாளையங்கோட்டையிலிருந்து வந்து வரலாறும் தமிழும் நடத்தியவர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கழுத்துப்பட்டை, மழையில்லாத நாளிலும் குடை. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா, நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. யார் எதைச் சொன்னாலும் "எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்பார். இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது என்று சொன்ன ஒரு மாணவனிடம்கூட அப்படிக் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். "நினைவு என்பது காற்று, காகிதம்தான் சாட்சி" என்று வகுப்பில் அடிக்கடி சொல்வாராம். நீங்களெல்லாம் அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டீர்கள்.

எனக்கும் அவருக்கும் முதலில் முட்டிக்கொண்டது ஓர் எழுத்தால். நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, சேப்பலின் பின்சுவரில் சாந்து பெயர்ந்திருந்த இடத்தைப் பூசிவிட்டு, அட்டையில் 'சாந்து ஈறம், தொடாதீர்' என்று எழுதி மாட்டினேன். நான் செம்பவாங் கடற்படைத் தளத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். மறுநாள் காலை ஆராதனைக்கு நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். அட்டையில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, கீழே அவருடைய மணி மணியான கையெழுத்தில், 'ஈறு பல்லுக்கு. சுவருக்கு ஈரம்' என்று இருந்தது. அட்டையைக் கழற்றி என்னிடம் தந்திருக்கலாம். அவர் திருத்திவிட்டு மறுபடியும் அதே ஆணியில் மாட்டியிருந்தார். அன்று முழுக்க, போகிற வருகிற பையன்கள் எல்லாம் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். அதை நான் மனத்தில் வைத்துக்கொண்டேன்.

சேப்பலுக்குப் பொன்விழா வந்தபோது அதன் வரலாற்றைத் தமிழில் எழுதும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். இதில் அவருக்குச் சேர வேண்டியதைச் சேர்க்கிறேன். நூலகத்தின் பின்னறையில், முதல் போதகர் எழுதிய ஆங்கிலக் கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. அந்தப் பெட்டியை யாரும் திறந்ததில்லை. இவர் இரண்டு ஆண்டு கல்லூரி விடுமுறைகளை அந்தப் புழுக்கத்தில் கழித்தார். கோழி கிளறின மாதிரி இருந்த கையெழுத்தைக் கண்ணாடி வைத்துப் படித்தார். மேட்டை வாங்கியது, மலாக்கா ஓடு படகில் வந்தது, மலாய்த் தச்சர்கள் ஆணியே அடிக்காமல் மரமுளை வைத்து உத்தரத்தைப் பூட்டியது, வட்டக் கண்ணாடி வழியில் உடைந்து இரண்டாம் முறை வந்தது, எல்லாம் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். நூல் அழகாக அச்சாகி வந்தது. எனக்கும் ஒரு படி கொடுத்தார்கள்.

அன்று மாலையே வீட்டில் உட்கார்ந்து படித்தேன். பதினேழாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். 'பதினாறு செங்கல் தூண்கள் கருங்கல் பீடங்களின்மீது நிறுத்தப்பட்டன' என்று இருந்தது. அதற்கு மேலும் எழுதியிருந்தார். போதகர் தம் ஆங்கிலக் கடிதத்தில் ஆங்கிலச் சொல்லைப் போடாமல் 'செங்கல்' என்றே எழுதியிருக்கிறாராம். இங்கே வருவதற்கு முன் திருநெல்வேலிப் பக்கம் ஊழியம் செய்தவர், தமிழ்மேல் அவருக்கு அவ்வளவு பற்று என்று இரண்டு பக்கம் உருகியிருந்தார். வெளியீட்டு விழாவில் அந்தப் பகுதியைத்தான் எழுந்து நின்று வாசித்தார். நீங்கள் கை தட்டினீர்கள்.

போதகர் எழுதியது தமிழ் அல்ல, மலாய். இந்த ஊரில் மரவேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படகுக்கும் பாலத்துக்கும் போடுகிற மரம் ஒன்று உண்டு. கறையான் தொடாது, தண்ணீரில் போட்டால் மிதக்காமல் மூழ்கும், ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். மர ஆலையில் நாங்கள் அதைச் செங்கால் மரம் என்போம். மலாய்ச் சொல்லைத் தமிழ் நாக்குக்கு ஏற்ற மாதிரி சொல்வது அப்படித்தான். ஆங்கில எழுத்தில் எழுதினால் செங்கலுக்கும் செங்காலுக்கும் வித்தியாசம் தெரியாது. பாளையங்கோட்டைக்காரர் அதைப் படித்தார், செங்கல் என்று எடுத்துக்கொண்டார். வெளியே பார்த்தால் தூண்கள் சாந்து பூசி, கல் அடுக்கியது போலக் கோடு கீறி இருந்தன. பின்னால் வந்த ஏதோ ஒரு கல்லூரி முதல்வர், மரக்கோயில் மதிப்பாக இல்லை என்று தூணைச் சுற்றி மரப்பட்டை கட்டிச் சாந்து பூசியிருக்க வேண்டும். தமிழில் இந்தத் தவறுக்கு மருந்து ஒரே ஒரு துணைக்கால். 'க'வுக்குப் பக்கத்தில் அதைப் போட்டால் தீர்ந்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின ஆண்டு மின்விசிறிக்குக் கம்பி இழுக்க ஒரு தூணில் துளை போட்டேன். இரண்டு அங்குலச் சாந்துக்குப் பிறகு துரப்பணம் நின்றுவிட்டது. அழுத்திச் சுற்றினால் பழுப்புநிறத் தூள் வந்தது. மோந்து பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. வேலை முடிந்ததும் துளையைப் பூசி, பக்கத்துச் சாந்தோடு நிறம் சேர்த்து மூடினேன். எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாத அளவுக்கு மூடினேன். அந்தத் தூளை மட்டும் ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன்.

நூலைப் படித்த அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் பொறுத்தேன். என்ன வார்த்தையில் சொல்வது என்று மூன்று நாளும் தயார் செய்தேன். நாலாம் நாள் இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போனேன். ஆறேழு பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நூலைப் பிரித்து அவர் மேசையில் வைத்து, காகித மடிப்பைப் பக்கத்தில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "சார், செங்கல் சுவருக்கு. தூணுக்குச் செங்கால்."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பழைய அட்டைக் கதை எல்லோருக்கும் தெரியும். அவர் முகம் கறுத்துவிட்டது. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, மெதுவாக, "செங்கால் கொக்குக்கு இருக்கும், ஓவர்சியர். ஆலயத்துக்கு இருக்காது" என்றார். இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. மரத்தூளைக் காட்டினேன். ஏதாவது கதவுச் சட்டத்தில் சுரண்டியிருப்பீர்கள் என்றார். "அப்படி ஒரு மரம் எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். நான் படித்த படிப்புக்கு அதை எங்கே தேடிக் காட்டுவது? அடுத்த வாரம் வகுப்பில், ஓவர்சியர் தூணைக் குடைந்து மூக்குப்பொடி தயாரிக்கிறார் என்று சொன்னாராம். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு என் பெயர் மூக்குப்பொடி. சாமுவேல், நீங்களும் அப்படிக் கூப்பிட்டவர்தான்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் வாய்ச்சண்டை. நானும் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். சுயாட்சி வந்து, ஊரெல்லாம் பள்ளிக்கூடம் கட்டி, ஆசிரியர் போதாமல் தவித்த காலம் அது. கல்லூரியில் மாணவர் இரட்டிப்பானார்கள். மூன்று மாடி வகுப்பறைக் கட்டடம் வேண்டும் என்று ஆட்சிக்குழு முடிவு செய்தது. மேட்டில் சமதளமாக இருந்தது சேப்பல் நின்ற இடம் மட்டும்தான். கட்டடத்தைப் பார்க்க ஒரு பொறியாளர் வந்தார், சீன இளைஞர், மரியாதையான பையன். அவர் தெளிவாகச் சொன்னார். மரச்சட்டத்தில் நிற்கிற கட்டடம் என்றால் கழற்றி, எண் போட்டு, கீழே விடுதிப் பக்கம் மறுபடி நிறுத்திவிடலாம். செங்கல் தூண் என்றால் முடியாது, இடிக்க வேண்டியதுதான். விரலை மடக்கித் தூணில் தட்டிப் பார்த்தார். சாந்துக்கு மேல் தட்டினால் எல்லாம் ஒரே சத்தம்தான். ஏதாவது ஆவணம் இருக்கிறதா என்று கேட்டார்.

ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு ஞானாபரணத்தை நூலோடு வரச் சொன்னார்கள். கட்டட வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு நானும் போய்க் கதவோரம் நின்றேன். முதல்வர், வெள்ளைக்காரர், நேராகவே கேட்டார்: தூண்கள் எதனால் ஆனவை? ஞானாபரணம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முதல்வர் பக்கம் திரும்பி, செங்கல், போதகரின் கைப்பட எழுதிய கடிதமே இருக்கிறது என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அந்த மனிதர் அந்தச் சேப்பலில்தான் கல்யாணம் செய்துகொண்டவர். அவருடைய மகளுக்கு ஞானஸ்நானம் அங்கேதான் நடந்தது. காளியம்மனைக் கும்பிடுகிற எனக்கு அது இடிபடப்போகிறதே என்று பொறுக்கவில்லை. ஞாயிறு தவறாமல் முதல் வரிசையில் உட்கார்ந்த இவருக்குத் தம் பதினேழாம் பக்கம்தான் பெரிதாக இருந்தது.

முதல்வர் என்னைப் பார்த்து, ஓவர்சியர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். நான், "மிஸ்டர் ஞானாபரணம்தானே சார் புத்தகம் எழுதினவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குத்தலாகத்தான் சொன்னேன். குத்த வேண்டியவரைக் குத்தியது, காது சிவந்துவிட்டது. முதல்வருக்குக் குத்தல் புரியவில்லை. நல்லது, இருவரும் ஒத்துப்போகிறீர்கள் என்று குறித்துக்கொண்டார். இடிப்பது என்று அன்றே தீர்மானம் ஆயிற்று. அதற்கு நான்கு வாரம் இருந்தது.

அந்த நான்கு வாரமும் அவர் வந்து சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு தினமும் சேப்பலில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பக்கவாட்டுக் கதவுகளைச் சாத்துவதற்குப் போவேன். இருவரும் பேசிக்கொள்ள மாட்டோம். ஒருநாள் வட்டச் சன்னலைப் பார்த்தபடி, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாத மாதிரி, "அம்பது வருஷம் நின்னுருக்கு" என்றார். நிற்காதா என்ன, செங்கால் அல்லவா என்று என் வாய்வரை வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

இடிக்கிற அன்று காலை, இடிப்பதைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆட்கள் கூரையைப் பிரித்துவிட்டு முதல் தூணில் கடப்பாரையைப் போட்டார்கள். சாந்து பாளமாக விழுந்தது. உள்ளே செஞ்சாம்பல் நிறத்தில் ஒரு முழு மரம் நின்றது. ஆட்கள் நிறுத்திவிட்டுத் தலைவனைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து கத்தியால் கீறிப் பார்த்து, "வாஹ், பாகுஸ் காயு", அருமையான மரம் என்று மலாயில் மெச்சிச் சிரித்தான். அடுத்தது, அதற்கடுத்தது என்று பதினாறும் மரம். ஓரிடத்தில்கூடக் கறையான் இல்லை, பிளவு இல்லை. நேற்று நட்டதைப் போல் கருங்கல்மேல் நின்றன. அதற்குள் கூரை போய்விட்டது, பாதி உத்தரத்தை அறுத்துத் தள்ளிவிட்டார்கள், குத்தகையில் கையெழுத்தும் ஆகிவிட்டது. பொறியாளர் பையன் ஓடி வந்து பார்த்துவிட்டு, திரும்பிக் காருக்குப் போனார். மூன்று லாரி மரத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது.

நான் ஞானாபரணத்தைத் தேடிக்கொண்டு போகவில்லை, அவரே வந்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இடிபாட்டின் ஓரமாக வந்து, மிச்சம் நின்ற ஒரு தூணில் கை வைத்தார். இந்த நேரத்துக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். என்னென்ன சொல்ல வேண்டும் என்று நாவில் வரிசையாக வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முதலாவதே மறந்துபோயிற்று. அவர் அழுதுகொண்டிருந்தார். துடைக்கக்கூட இல்லை.

"இப்படி ஒரு மரம் இருக்குன்னு எனக்குத் தெரியாது, ரத்தினம்" என்றார். அதுவரை ஓவர்சியர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "நீங்க அன்னைக்கி எல்லார் முன்னாடியும் சொன்னப்ப, அந்த அட்டைக்குப் பழி வாங்குறீங்கன்னு நெனச்சேன். என் தமிழைக் கேலி பண்றீங்கன்னுதான் நெனச்சேன்."

தூணிலிருந்து கையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "சுத்தியல் உங்க கையிலதானே இருந்துச்சு. நாலு வாரம். ஏன் ஒரு தட்டு தட்டிக் காட்டல?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவரை இத்தனை ஆண்டு வெறுத்தேன். அட்டைக்காக அல்ல, மூக்குப்பொடிக்காகவும் அல்ல. தப்பை எல்லாம் தான் செய்துவிட்டு என்னைக் கேட்கிறாரே, என்ன நெஞ்சழுத்தம் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி என் மனைவிக்கே அலுத்துவிட்டது. கல்லூரியில் எதிரே வந்தால் பாதையை மாற்றிக்கொண்டேன். அவர் ஓய்வு பெற்றபோது நடந்த விருந்துக்குப் போகவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் ஒருமுறை என் வீட்டுக்கு ஆள் மூலம் பலகாரம் அனுப்பினார், திருப்பி அனுப்பிவிட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூலகத்தில் இருக்கும் அந்த நூலைப் போன வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். பதினேழாம் பக்கத்தில் இன்னும் செங்கல் என்றுதான் இருக்கிறது. சிவப்புப் பேனா சட்டைப்பையிலேயே இருந்த மனிதர் அந்த ஒரு துணைக்காலைப் போடாமலே போய்விட்டார். அதற்கு அவரை நான் மன்னிக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக மன்னிக்கப்போவதும் இல்லை.

இப்படிப்பட்ட கட்டுரைகளின் முடிவில், மறைந்தவரிடமிருந்து தமக்குக் கிடைத்தது என்னவென்று எழுதுவார்கள். உங்களில் சிலர் தமிழ் என்று எழுதுவீர்கள், சிலர் ஒழுக்கம் என்று எழுதுவீர்கள். எனக்கு அவர் விட்டுப்போனது அந்தக் கேள்வி ஒன்றுதான். ஊரில் யாரும் என்னை அதைக் கேட்கவில்லை. முதல்வர் கேட்கவில்லை, அந்தப் பொறியாளர் கேட்கவில்லை. என் மனைவிக்கு அவர் அழுததைச் சொல்லியிருக்கிறேன், கேட்டதைச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அவளும் அதற்குப் பதில் என்ன என்று கேட்டதில்லை. அவருக்கு நான் சொல்லாத பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

சாந்தைத் தட்ட எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அது என் வேலை. காலை எட்டு மணிக்கு ஒரு சாண் அகலம் பெயர்த்திருந்தால், ஒன்பது மணிக்கு முதல்வர் பார்த்திருப்பார், அன்றே தீர்மானம் மாறியிருக்கும். ஆட்கள் எத்தனை, நாள் எத்தனை என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆறு வாரத்தில் அந்தச் சேப்பல் விடுதிப் பக்கத்தில் நின்றிருக்கும், இன்றைக்கும் நின்றிருக்கும். சுத்தியலை எடுத்துக்கொண்டு இரண்டு முறை உள்ளே போனேன். இரண்டு முறையும் அப்படியே திரும்பி வந்தேன். சாந்தை நான் உடைத்துக் காட்டினால் தூண் மரம் என்று தெரிந்துவிடும், ஆனால் ஞானாபரணம் தம் வாயால் தப்பு என்று சொல்ல வேண்டியிருக்காது. எனக்கு அவர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. கட்டடம் போனாலும் போகட்டும் என்று அந்த நான்கு வாரமும் நினைத்தேன். நினைத்தது போலவே போய்விட்டது.

சாமுவேல், இதை வெட்டாமல் போடுங்கள். அந்தச் சேப்பலை இடித்தவர்கள் இரண்டு பேர். போன வியாழக்கிழமை பிடாதரியில் நீங்கள் அடக்கம் செய்தது அவர்களில் ஒருவரைத்தான்.